குடல் போன வழி

மூணாவது மாடிக்காரர் இன்னும் நல்லாத்தான் இருக்கார். அதனால்தான் இதை எழுதுகிறேன். செத்திருந்தால் எழுத மாட்டேன். செத்தவங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லணும் என்பார்கள். அவருக்கு அந்த வசதி இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் இது அவரைப் பற்றி இல்லை. அக்காவைப் பற்றி.

மந்தைவெளியில் ரயில் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து. சந்து முனையில் நான் மீன் விற்கிறேன். எதிரே நாலு மாடி ஃபிளாட். அதன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அக்கா உட்காரும். நான் எடை போட்டுத் தருகிற மீனை அது ஆய்ந்து கொடுக்கும். செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, துண்டு போட்டு. நான் கடை போட வரும்போதே அது அங்கே இருந்தது. என் கூடப் பிறந்தது இல்லை. நான் அக்கா என்றேன். அது என்னைத் தம்பி என்றது. அவ்வளவுதான்.

ஒல்லி. இடது கட்டைவிரலில் நகம் இல்லை. ஐஸ் பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொள்ளும். பேச்சு குறைவு. பேசினால் எதிரில் இருப்பவர் பேச முடியாது.

அதுக்கு ஒரு பழக்கம். பெரிய மீன் வந்தால் இரைப்பையைக் கிழித்துப் பார்க்காமல் விடாது. வஞ்சிரத்தின் வயிற்றில் நெத்திலி முழுசாக இருக்கும். அதை விரலால் எடுத்து வரிசையாக வைக்கும். நெத்திலியையும் நகத்தால் கிழிக்கும். உள்ளே பச்சையாக, சளி மாதிரி கொஞ்சம்.

“இன்னாக்கா பாக்குற தெனமும்?”

“இது எத்தத் தின்னுச்சு, அது எத்தத் தின்னுச்சுன்னு பாக்குறேன். கடைசில பாசிதான் கீது. பாசி வெயிலத் தின்னுது.”

ஒரு தடவை கே.கே. நகரிலிருந்து வந்த ஓர் அம்மா வஞ்சிரத்துக்கு விலை அதிகம் என்று சண்டை போட்டாங்க. நல்ல உடம்பு. அக்கா துண்டு போட்டுக்கொண்டே சொன்னது.

“இது தின்ன நெத்திலிக்கெல்லாம் விலை போட்டா நீ வாங்குவியாம்மா? கூடை கூடையாத் தின்னாத்தான் இந்த ஒரு துண்டு.”

“அப்ப மீதியெல்லாம் எங்க போச்சாம்?”

“நீந்துறப்போ சூடாப் போச்சு. நீ திங்கிற சோறு பூரா உடம்புலயா ஒட்டுது?” அக்கா நிமிர்ந்து அந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தது. “சரி, வுடு. உன்ன உதாரணம் சொல்லக் கூடாது.”

அந்த அம்மாவே சிரித்துவிட்டாங்க. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாங்க.

எங்கள் சந்தில் மீனை ஆய்ந்தால் கூலி உண்டு. குடலும் செவுளும் ஆய்கிறவங்களுக்கு. அது வழக்கம். மற்றவர்கள் அதைக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள். அக்கா போடாது. குடல் பருந்துக்கு. மேலே தூக்கி எறியும், கீழே விழாது. செவுள் காக்காவுக்கு. வால், செட்டை, தலையில் மிச்சம் இருப்பது பூனைக்கு. மீன் அலசின தண்ணீரைச் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக ஃபிளாட்டுக்குள் இருந்த தென்னைக்கு விடும். அந்த மரம் காய்த்த மாதிரி அந்தப் பக்கத்தில் எதுவும் காய்க்கவில்லை. அந்தக் காயைப் போட்டு மாடி வீடுகளில் சட்னி அரைத்தார்கள். யார் போட்ட எரு என்று கேட்கவில்லை.

யாரும் முந்தக் கூடாது. முந்திக்கொண்டு வந்து இழுத்த பூனைக்கு மறுநாள் கிடையாது. பூனைகளுக்கு இது தெரியும். சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி.

“எதுவும் சும்மா போவாது தம்பி. ஒண்ணு ஒரு வயித்துக்குப் போவணும். இல்லாங்காட்டி நாறணும். நடுவுல வேற கெடையாது.”

இதை அது எத்தனையோ தடவை சொல்லியிருக்கும். நான் மீனைப் பற்றிச் சொல்கிறது என்றுதான் நினைத்தேன்.

அக்கா யாரையும் அடித்தது இல்லை. கையில் எந்நேரமும் கத்தி இருந்தும் யார் மேலும் ஓங்கினது இல்லை. யாருக்கு என்ன செய்யணுமோ அதைச் சோற்றில் கை வைத்துச் செய்யும். அதன் வீட்டுக்காரர் ஒரு தரம் குடித்துவிட்டு அடித்தார். மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் உலை வைக்கவில்லை. திட்டவில்லை, அழவில்லை, துரத்தவில்லை. அவர் எதிரிலேயே சமைத்து, மகளுக்குப் போட்டு, தானும் சாப்பிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தது. ஆள் தானாகவே போய்விட்டார்.

எனக்கு இரண்டு கடை தள்ளி ஒருத்தன் நண்டு விற்கிறான். அக்காவின் மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அது என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன்.  மறுநாள் அக்கா காக்காவுக்குப் போடுகிற செவுளை எடுத்துக்கொண்டு போய் அவன் கடைக்கு முன்னால், கரண்டு கம்பிக்குக் கீழே போட்டது. அதற்கு மறுநாளும். காக்கா கம்பியில் அடைய ஆரம்பித்தது. நண்டுக்காரன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ணினான். வாங்குகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டா நண்டு பொறுக்குவார்கள்? ஒரு நாள் வந்து நின்றான்.

“யக்கா, தெரியாம சொல்லிட்டேன்க்கா. வுட்ரு.”

“எங்கைல இன்னாத்துக்கு சொல்ற? காக்காகைல சொல்லு.”

அவன் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தான். சந்தே சிரித்தது. அதற்கப்புறமும் ஒரு மாசம் கழித்துத்தான் செவுள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அக்கா மன்னிப்பது என்பது அப்படி. நிதானமாக நடக்கும். சில பேருக்கு நடக்கவே நடக்காது.

இப்போது அந்த மூணாவது மாடிக்காரரைச் சொல்லணும்.

தி.நகரில் பாத்திரக்கடை. ஃபிளாட்டுக்கு செகரட்டரி. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இல்லாமல் அவருக்கு முடியாது. என்னிடம்தான் வாங்குவார். வட்டமாக, ஒரே கனமாக, வறுக்கிற மாதிரித் துண்டு போடணும். அக்காதான் போடும். காலையில் மொட்டை மாடியில் நின்று புறாவுக்குக் கம்பு இறைப்பார். மூட்டையாக வாங்கி மாடிப்படி அறையில் வைத்திருந்தார். புண்ணியமாம். மீன் வேணும். மீன் வாடை வேணாம். மீன்காரி சுத்தமாக வேணாம்.

“ஏம்மா, வேற இடம் பாக்கக் கூடாதா? ஜன்னலத் தொறக்க முடியல. எலி வேற வருது.”

“எலி எங்கைல இன்னாத்துக்கு சார் வருது? அதான் பூனை கீதே.”

“அந்தப் பூனையும்தான் தொல்லை.”

“அப்ப ஞாயித்துக்கெழம மீன் வாணாவா சார்?”

“மீனுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அக்கா என்னைப் பார்த்தது. நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஃபினாயில் ஊற்ற ஆரம்பித்தார். அவர் ஊற்றவில்லை. வாட்ச்மேனை ஊற்றச் சொன்னார். அக்கா வருவதற்கு முன்னால், அது உட்காரும் இடத்தில் சரியாக ஒரு பக்கெட். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டே ஊற்றுவான். அக்கா வந்து தண்ணீர் விட்டுக் கழுவும். உட்காரும்.  ஆனால் அந்த வாடை போகாது. ஒரு வாடிக்கைக்காரர் ஆய்ந்த மீனைத் திருப்பிக்கொண்டு வந்தார். குழம்பு கொதிக்கக் கொதிக்க ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதாம். அப்புறம் நிறையப் பேர் மீனை என்னிடம் வாங்கி, ஆய்வதற்கு மயிலாப்பூர் பக்கம் போனார்கள். அந்தச் சுவரோரம்தான் அக்காவுக்குச் சோறு. மகளுக்குக் கல்யாணம் பண்ணியதும் அங்கே உட்கார்ந்துதான். அது போனால் வேறு ஒண்ணும் கிடையாது.

நான் ஒரு தடவை மேலே போய்ச் சொன்னேன்.

“சார், அது பொழப்பு சார்.”

“நீ உன் பொழப்பப் பாரு” என்றார்.

இட்லிக்கடை அம்மாவையும் நண்டுக்காரனையும் வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். இட்லிக்கடை அம்மா மாவு கரைக்கணும் என்றாங்க. நண்டுக்காரன் தலையைச் சொறிந்தான். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஃபினாயிலுக்கு அது எழுந்திருக்காது என்று தெரிந்ததும் மருந்து வைத்தார். எலி மருந்து. நீல நிறத்தில் கட்டி, சோப்பு மாதிரி. சுவரோரமாகவும் படிக்கட்டிலும் வாட்ச்மேன் கொண்டு வந்து வைத்தான்.

முதலில் கறுப்புக் கடுவன் போனது. வரிசையில் முதலில் உட்கார்ந்திருக்கும் பூனை. மூக்கில் ரத்தம். இரண்டு நாள் கழித்து ஒரு தாய்ப்பூனை. அதற்கு மறுநாள் தென்னையிலிருந்து பருந்து ஒன்று விழுந்தது. பறக்கப் பார்த்தது. சிறகை விரித்தபடியே நடுச் சந்தில் படுத்துவிட்டது.

அக்கா ஒரு பழைய கத்தியை எடுத்துவந்தது. மீன் வெட்டுகிற கத்தி இல்லை. பருந்தைச் சுவரோரமாக எடுத்துப் போய்க் கிழித்தது. ரத்தம் உறையாமல் தண்ணியாக நின்றது. இரைப்பையில் எலிக்கால், எலி முடி. தாய்ப்பூனையையும் கிழித்தது. அதிலும் எலி வால். அப்புறம் சாக்கடையோரம் தள்ளாடிக்கொண்டிருந்த எலி ஒன்று செத்ததும் அதையும் கிழித்தது.

எலியின் வயிற்றை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது. நானும் எட்டிப் பார்த்தேன். நீலம் இருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறமாக அரைபட்ட மாவு. அக்கா அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தது. அப்புறம் தலையைத் தூக்கி மொட்டை மாடியைப் பார்த்தது. அங்கே புறா உட்கார்ந்திருந்தது.

“இன்னாக்கா?”

“கம்பு” என்றது. 

ஒரு பலகையை எடுத்து கேட்டுக்கு முன்னால் போட்டது. பருந்து, பூனை, எலி, நீலக் கட்டி. நான் கடையில் மீன் அடுக்குகிற மாதிரி வரிசையாக. அவர் கார் சாவியோடு இறங்கி வந்தார்.

“என்னம்மா இது அசிங்கம்?”

“எது எத்தத் தின்னுச்சுன்னு பாரு சார்.”

“எலிக்குத்தான் வெச்சேன். பூனையத் தின்னச் சொன்னது நானா?”

“வெச்ச கை யாருது சார்?”

“எல்லாம் உன்னாலதான். நீ இங்க ஒக்காந்து குடலப் போடுற. அதுக்குத்தான் பூனை, காக்கா, பருந்து, எலின்னு எல்லாம் வருது. நீ போனா எல்லாம் போயிடும்.”

“எலியுமா சார்?”

“எல்லாமும்தான்.”

அக்கா சிரித்தது. வெற்றிலைக் கறைப் பல் அத்தனையும் தெரிந்தது. அது அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“சரி சார். போறேன்.”

அவருக்கே ஆச்சரியம். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 

“இன்னாக்கா இவ்ளோ லேசா போறேன்னுட்ட?”

“போறேன்தான். தனியாப் போவ மாட்டேன்.”

அது மீந்த நீலக் கட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடுப்புச் சுருக்குப் பையில் போட்டதை நான் பார்த்தேன். இரண்டு நாளில் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல வாட்ச்மேன் வந்து மூணாவது மாடிக்கு வஞ்சிரம் என்றான். நான் எடை போட்டேன். அக்கா வாங்கிக்கொண்டது. நான் அதன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் மேல் எனக்கும் ஆத்திரம்தான்.  அது கட்டியை எடுத்தால் தடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

துண்டு போட்டு முடித்தது. வட்டமாக, ஒரே கனமாக. பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தது. அவன் போன பிறகு என் பக்கம் திரும்பியது.

“இன்னா, என் கையவே பாத்துக்கினு கீற? வெச்சுடுவேன்னா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. வெச்சா அவன் மட்டுமா திம்பான்? பொண்டாட்டி திம்பா. மீந்தத வேலக்காரி எடுத்துனு போவா. முள்ள பூனை திங்கும். சோறு எந்த வழியாப் போவுதோ வெஷமும் அந்த வழியாத்தான் போவும். நடுவுல நில்லுன்னு சொன்னா நிக்காது.”

சுருக்குப் பையிலிருந்து கட்டியை எடுத்தது. பழைய கத்தியோடு சேர்த்து, சந்து முடிவில் குழி தோண்டிப் புதைத்தது. கையை மண் போட்டுத் தேய்த்தது.

“அவங்கைல மட்டும் போய் நிக்கிற வழி ஒண்ணு கீது. நீ பாரு.”

மறுநாளிலிருந்து குடல் வாளி நகர ஆரம்பித்தது.

முதல் நாள் சுவரின் கடைசியில் வைத்தது. அடுத்த நாள் சந்து திரும்புகிற இடத்தில். அப்புறம் மாவு மில்லுக்குப் பக்கத்தில். அப்புறம் தெரு தாண்டி. அக்கா சுவரோரம் உட்கார்ந்து ஆயும். போடுவது மட்டும் தள்ளித் தள்ளி. காக்காவுக்கு ஒரு நாள் போதும். பருந்து மேலேயிருந்தே பார்த்துவிடும். பூனைக்குத்தான் நாள் ஆகும். ஒரு வீட்டு வாசலைத் தாண்ட அதுக்கு மனசு வராது. பசி வந்தால் வரும். அக்கா கொஞ்சம் பட்டினி போட்டது. அதையும் சொல்லணும். சுவர்மேல் உட்கார்ந்து கத்தின பூனையைப் பார்த்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனது. நகராமல் அடம் பிடித்தவற்றைக் கடைசியில் மீன் கூடையில் போட்டு, மேலே கோணியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனது. உள்ளே போட்ட கூச்சலில் தெருவே வேடிக்கை பார்த்தது.

ரயில் பாலத்துக்குக் கீழே, கால்வாய் ஓரமாக ஒரு தூண். அங்கே போய் ஐஸ் பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தது. கொசு, தூசி. வாங்க வருகிறவர் யார் கண்ணிலும் படாத இடம்.

போகிற அன்றைக்கு என் கடைக்கு வந்தது. இடுப்பில் ஒரு செவலைப் பூனை.

“இது உனக்கு. சினையா கீது. குடலப் போடு. ஆனா உன் கடப் பக்கமாப் போடு. கேட்டாண்ட போடாத.”

“ஏன்க்கா இப்படி?”

“உன் ஒருத்தன் வாய்தான் தொறந்துச்சு. அதுக்கு.”

சந்து சுத்தமானது. உண்மையிலேயே சுத்தம். காக்கா எச்சம் இல்லை. பூனைச் சண்டை இல்லை. மூணாவது மாடிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“பாத்தியா? எவ்ளோ சொன்னேன். ஒரு ஆள் போனதும் எல்லாம் போச்சு பாரு.”

“ஆமா சார்” என்றேன்.

காலையில் கம்பு இறைக்கிற சத்தம் மட்டும் மாடியில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். எலி அக்காவின் எலி இல்லை. அவர் எலி. மாடிப்படி அறையில் இருந்த மூட்டையைத் தின்று வளர்ந்த எலி. அக்கா குடல் போட்டு வைத்திருந்தது எலியைத் தின்கிறவர்களுக்கு. அவங்களை எல்லாம் அது அழைத்துக்கொண்டு போய்விட்டது. சோறு இங்கே இருக்கிறது. தின்ன வருகிறவனைத் தின்ன ஆள் இல்லை. அப்புறம் என்ன?

முதலில் காரில் ஒயரைக் கடித்தது. அப்புறம் லிப்ட் நின்றது. இட்லிக்கடை அம்மாவின் அரிசி மூட்டையில் ஓட்டை. நண்டுக்காரனின் கூடை நாசம். என் கடையில் மட்டும் ஒண்ணும் இல்லை. செவலை குட்டி போட்டிருந்தது.

அந்த ஆள் மறுபடியும் நீலக் கட்டி வாங்கினார். இந்தத் தடவை பை நிறைய. எலி செத்தது. நிறையச் செத்தது. ஆனால் எங்கே போய்ச் செத்தது? மூணாவது மாடியில் ஹாலுக்கு மேலே அழகுக்குப் போட்ட பொய்க்கூரைக்குள். ஏசிக்குப் பின்னால். குழாய் போகிற சந்துக்குள். அடுப்பு மேடைக்கு அடியில். முன்னெல்லாம் எலி ஒன்று மருந்து தின்னாமல் செத்தாலும் விடிவதற்குள் இருந்த இடம் தெரியாது. காக்கா கொஞ்சம், பருந்து கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டு போகும். வெளியே செத்ததைக்கூட இப்போது எடுக்க ஆள் இல்லை. உள்ளே செத்ததை யார் எடுப்பது?

நாறியது.

மீன் வாடை ஒரு வாடையா? அது தண்ணீர் விட்டால் போகும். இது சுவருக்குள் இருந்து வந்தது. ஊதுவத்தி கொளுத்தினார்கள். பொய்க்கூரையை உடைத்தார்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று. அவர் சம்சாரம் அடையாறில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாங்க. ஆள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

நான் சாயங்காலம் கால்வாய்ப் பக்கம் போவேன். அக்கா கேட்கும்.

“இன்னிக்கு எந்த மாடி?”

கிரிக்கெட்டில் ஸ்கோர் கேட்கிற மாதிரி.

“மூணாவதுதான்க்கா. சமையல்கட்டு.”

“ம்.” வெற்றிலையை ஒதுக்கிக்கொள்ளும். அந்த முகத்தில் அப்போது வருகிற அமைதியைக் கோயிலில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் வாட்ச்மேனைப் பற்றிச் சொன்னேன். தூங்கும்போது எலி அவன் கால் விரலைக் கடித்துவிட்டது.

“ஊசி போட்டானா?”

“போட்டான்க்கா.”

“அப்ப சரி. என் பூனைக்கு யாரு ஊசி போட்டா?”

“அவன் சொன்னதச் செஞ்சான், பாவம்.”

“எலியும் பசிக்கிறதச் செஞ்சுச்சு.”

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இந்தக் கால்வாய் ஓரத்தில் அக்காவின் தட்டில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வாளியில் மீன் ரொம்பக் கம்மி. மகள் வந்து கத்திவிட்டுப் போனாள். அக்கா பட்டினி கிடந்தது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கிற பதிலில் அதுக்கு வயிறு நிறைந்தது. பொய் சொல்லவில்லை. கன்னம் ஒட்டினாலும் கண் தெளிவாக இருந்தது.

கடைசியில் அவர் வந்தார். என் கடைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு.

“அந்தம்மா எங்கப்பா இருக்கு? பழைய இடத்துலயே வந்து ஒக்காரச் சொல்லு. ஃபினாயில் ஊத்த மாட்டோம். நான் சொன்னேன்னு சொல்லு.”

போய்ச் சொன்னேன். எனக்கு ஆசைதான். அக்கா வந்தால் என் வியாபாரமும் பழையபடி ஆகும். அதுவும் சாப்பிடும்.

அக்கா கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தது. மேலே ரயில் போனது. சத்தம் அடங்குகிற வரை காத்திருந்தது.

“நான் போனா எல்லாம் போயிடும்னு சொன்னான்ல?”

“சொன்னான்.”

“எலியும் போயிடும்னான்.”

“ஆமா.”

“எலி போவட்டும். போனதும் சொல்லியனுப்பு. வர்றேன்.”

“அக்கா, எலி எப்படிக்கா போகும்?”

“அவனக் கேளு. அவன்தான சொன்னான்.”

கம்பு மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாதி எலி போயிருக்கும். அக்கா சொல்லவில்லை. என்னிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா திரும்பி வரவே இல்லை. அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்ச் சேர்ந்தது. கருமாதியில் காக்காவுக்குச் சோறு வைப்பார்கள். எங்கள் வீட்டில் கா, கா என்று தொண்டை வறளக் கத்தணும். அக்காவுக்கு வந்த காக்கா இலையைக் கீழே வைக்க விடவில்லை. மகள் கையிலிருந்தே பிடுங்கியது.

அது நடந்து சில வருஷம் ஆகிறது. இப்போது என் கடையில் நானே ஆய்கிறேன். அக்கா அளவுக்கு வராது. துண்டு ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெலிசாகப் போகும். செவலையின் வம்சம் ஏழு பூனையாக நிற்கிறது. பருந்தும் காக்காவும் பாதி திரும்பி வந்துவிட்டன. குடலை என் கடைப் பக்கமாகத்தான் போடுகிறேன். இட்லிக்கடை அம்மா வந்து அழுதாங்க. ஒரு குட்டி கொடுத்தேன். வாட்ச்மேனுக்கும் ஒன்று கொடுத்தேன், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. நண்டுக்காரனுக்கும் கொடுத்தேன். அக்கா இருந்தால் இதற்கெல்லாம் என்னைத் திட்டியிருக்கும். நான் அக்கா அளவுக்கு இல்லை.

ஒரே ஒருத்தருக்குக் கொடுக்கவில்லை. கேட்டார். இல்லை என்றேன்.

அவருக்கு எலி இன்னும் இருக்கிறது. கம்பும் இறைக்கிறார். வஞ்சிரமும் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எடை போட்டு, ஆய்ந்து, துண்டைப் பையில் போடுவேன். அப்புறம் குடலையும் செவுளையும் தனியாக ஒரு கவரில் கட்டி அவர் கையில் கொடுப்பேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. அவருக்கு மட்டும்.

“இது எதுக்குப்பா? நீயே வெச்சுக்கயேன்.”

“இங்க போட்டா பூனை வரும் சார், காக்கா வரும், எலி வரும். நீங்கதான சொன்னீங்க.”

ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் இதே பதில். தெருவில் போடவும் முடியாது, செகரட்டரி. திங்கட்கிழமை குப்பை வண்டி வருகிற வரை அது அவர் வீட்டிலேயே இருக்கும். சித்திரை, வைகாசியில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம்.

கவரைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஏழு பூனையும் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகும். கேட் வரை போகும். அங்கே தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். எலி நாற்றத்துக்கு. அந்த வாடை பட்டதும் பூனை நின்றுவிடும். அவர் திரும்பிப் பார்ப்பார். ஒண்ணாவது உள்ளே வராதா என்கிற மாதிரி கவரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பார். ஏழும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்துவிடும். நான் மற்றவர்கள் மீனில் எடுத்த குடலைத் தயாராக வைத்திருப்பேன்.

கடையைக் கழுவிவிட்டுச் சில நாள் கால்வாய்ப் பக்கம் நடப்பேன். அந்தத் தூண் இருக்கிறது. ரயில் போகிற சத்தம் அடங்கியதும் நின்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டு வருவேன்.

“மூணாவதுதான்க்கா.”